நசீறா எடுக்காத கடன்

"எழுதுறதை எழுதுங்கோ மதினி. ஆனா வெள்ளிக்கிழமை நிக்காஹ்வில உங்கட மகள் றிம்ஷாவுக்கு வாப்பாவின்ர இடத்தில வொலியா நிண்டு கையெழுத்து வைக்கிறது நான்தான். அதையும் ஒருக்கா யோசியுங்கோ."

வஸீர் கதிரையில் இருந்தபடி இதைச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. மௌத்தாகிப்போன தன் அண்ணன், நௌஷாட் நாநாவின் மனைவியிடம் குரலை உயர்த்துகிற ஆள் அவன் இல்லை. ஊரில் அவனுக்கு நல்ல பெயர்.

நசீறாவின் மடியில் கடன் தகவல் பணியகத்துக்கு அனுப்பவேண்டிய ஆட்சேபனைப் படிவம் கிடந்தது. தையல் மெசின் வாங்கக் கடன் கேட்டு மன்னாரில் வங்கிக்குப் போனபோதுதான் வினை தெரிந்தது. அங்கு வேலை செய்யும் பிரேமிளா கடன் அறிக்கையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். 2018 மார்ச்சில் ஒரு நிதிக் கம்பனியில் நசீறாவின் பெயரில் இரண்டு லட்சம் கடன். ஒரு சதமும் திரும்பக் கட்டப்படவில்லை.

"மார்ச்சில நான் இத்தாவில இருந்தனான், தங்கச்சி. அவர் மௌத்தாகி நாலு மாசமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டேல்லை. ஊருக்கே தெரியும்."

"அப்ப அதையே எழுதுங்கோ அக்கா. கையெழுத்தும் உங்கட இல்லையெண்டு எழுதுங்கோ. விசாரிப்பினம்."

கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது. அந்த நாட்களில் அவளுடைய அடையாள அட்டை, நௌஷாட்டின் மரணச் சான்றிதழ் எடுக்கவென்று, வஸீரின் சட்டைப் பையில் இருந்தது. விசாரித்தால் அவன்தான் அகப்படுவான். தகப்பனும் கூடப்பிறந்த ஆணும் இல்லாத றிம்ஷாவை நிக்காஹ் செய்துகொடுக்கிற பொறுப்பும் அவனுடையது. அவன் வர மறுத்தால் காதி நீதிபதியிடம் முறையிடலாம்தான், அது முடிவதற்குள் மாப்பிள்ளை வீடு கைகழுவிவிடும். பெண்ணை வீட்டுக்குள் இருத்திவிட்டு அவள் பெயரைத் தெருவில் நடமாட விடுகிற உலகம் இது.

"நான் இதை அனுப்பேல்லை, தம்பி. போதுமே?" என்று வஸீரிடம் கேட்டாள்.

"போதாது மதினி. அது உங்கட கடன்தான் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. பிறகு மனசு மாறினா எனக்கெல்லோ கரைச்சல்."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து றிம்ஷா பேசினாள். "குடுக்காதேங்கோ உம்மா. எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

மாப்பிள்ளை அகீலின் பெயரைக் கேட்டாலே முகம் சிவக்கிற பிள்ளை சொன்ன வார்த்தை அது. கணவனின் உடலைத் தூக்கிப் போன அன்றுகூட நசீறாவுக்கு இப்படி வலிக்கவில்லை.

"நீ சும்மா இரு மகள்," என்றாள்.

வஸீர் சொல்லச் சொல்ல எழுதினாள். கீழே பெயரை வைத்தாள். அந்தக் கடனுக்காக அவள் வைத்த முதல் கையெழுத்து அதுதான். அவன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு நல்ல சாரியாக எடுக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கலியாணப் பதிவுகாரர் முன்கூடத்தில் பதிவுப் புத்தகத்தை விரித்தார். அகீல் கையெழுத்து வைத்தான். வஸீர் வைத்தான். சாட்சிகள் இருவரும் வைத்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்து வஸீரைக் கட்டித் தழுவினார்கள்.

உள்ளறையில் றிம்ஷா மருதாணிக் கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். "உம்மா, புத்தகத்தை இஞ்ச எப்ப கொண்டு வருவினம்? நான் எங்க கையெழுத்து வைக்கிறது?"

நசீறா மகளின் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்கட சட்டத்தில பொம்பிளைக்கு அதில இடமில்லை மகள். கடனெண்டா என்ர கள்ளக் கையெழுத்தும் செல்லுது. கலியாணத்துக்கு உன்ர நல்ல கையெழுத்து ஆருக்கும் தேவையில்லை."