ஆரோக்கியமானவர் பெட்டியில் ஒரு காலியிடம்

1

இந்தக் கதை என் பயத்தில் பிறந்தது. எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர். அக்கா அவருக்கு வைத்த பெயர் கொசு. பெருங்குடல் புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே பார்க்கிறார்கள். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, ஐம்பது வயது தாண்டிய ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டுமாம். நான் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

2

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: ‘ஊசி நுனியில் மாலை வெயில் மின்ன, அவன்...’

(வெயிலெல்லாம் இல்லை, ட்யூப்லைட்தான். அடித்துவிட்டேன்.)

ஊசியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. துணைக்கு வந்திருந்த அக்கா என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தள்ளுடா, மானத்த வாங்காத.” கொசுவிடம் கையை நீட்டினாள். “தம்பி, என் கைல எடுத்துக்கங்க.”

3

சில வாரம் கழித்துக் கொசு படியிறங்கி வந்தார். முகமே சரியில்லை.

“அக்கா, உங்க ரத்தத்துல ஏதோ காட்டுது. இத மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துரலாம்னு டாக்டர் சொல்றாரு.”

பார்த்தார்கள். சின்னக் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. வெட்டி எடுத்துவிட்டார்கள். அதுவரை அவளுக்கு ஒரு வலிகூட இருந்ததில்லை.

(கதையென்றால் இதை நானே நம்பமாட்டேன். ஆனால் கதாநாயகி பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.)

4

முடிவு ஒன்று: தம்பியின் தைரியம் அக்காவைக் காப்பாற்...

“எந்தத் தைரியம்?” என்கிறாள் அக்கா.

முடிவு இரண்டு: அக்கா முழுக்கக் குணமாகி... (அதை இன்று அவளிடம் மறுபடி எடுத்த ரத்தம்தான் சொல்ல வேண்டும்.)

நான் நன்றி சொல்ல வேண்டியது என் கோழைத்தனத்துக்கு. பிறகு, எங்களுக்கு முன்பே இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து கை நீட்டிய முகம் தெரியாத மனிதர்களுக்கு. அவர்கள் தந்திருக்காவிட்டால் அக்காவின் ரத்தத்தில் இருந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

5

இதை அதே கூடத்து பெஞ்சில் எழுதுகிறேன். அக்காவின் ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய் இனி நோயாளிகள் பெட்டியில். ஆரோக்கியமானவர் பெட்டியில் ஓரிடம் காலி.

“என் எடம்டா அது. போய் உக்காரு” என்று என் சட்டைக் கையை மடித்துவிடுகிறாள்.

உட்கார்ந்துவிட்டேன். அவள் குழாய் என்ன சொல்லும், என் குழாய் என்ன சொல்லும், எதுவும் தெரியாது. கொசு ஊசியைப் பிரிக்கிறார். நான் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறேன். மிச்சத்தை நீங்கள் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எழுதுகிற என் கையை அக்கா