வேர் என்றிருந்ததை இலை என்று வாசித்தேன்

எங்கள் அண்ணி வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தபோது, "நடிகை வந்தாச்சு" என்று முதலில் கிண்டல் செய்தவள் நான்தான். வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கண் கூசி நீர் வழிகிறது, கம்ப்யூட்டர் திரை என்றால் தலையே பிளக்கிறது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நாள் இரண்டையும் தொடக் கூடாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணியோ அறிவியல் டீச்சர். திருத்த வேண்டிய வகுப்புத் தேர்வு விடைத்தாள்கள் மேசையில் கட்டாகக் கிடந்தன.

"நான் வாசிக்கிறேன், நீங்க மார்க் மட்டும் சொல்லுங்க அண்ணி" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அண்ணி திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். முதல் பையன், செடி வேரில்தான் உணவு தயாரிக்கிறது என்று எழுதியிருந்தான். அப்படியே வாசித்தேன். அண்ணியின் முகம் சுருங்கிப் போயிற்று. அந்த ஒரு பாடத்துக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர் அவர். அடுத்த தாளிலும் வேர். எனக்கு மனசு கேட்கவில்லை. "இலை" என்று வாசித்தேன். முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் என் வாய் நிற்கவில்லை. வந்த வேரெல்லாம் இலையாயிற்று.

கட்டு முடிந்ததும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாரேன், எல்லாத்துக்கும் மண்டையில ஏறிடுச்சு! நாளைக்குத் திரும்பவும் அதையே நடத்தலாம்னு இருந்தேன். வேண்டாம், அடுத்த பாடத்துக்குப் போயிடலாம். பரீட்சைக்கு நாளும் இல்ல."

 பாவம் பார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு வகுப்பையே கவிழ்க்கப் பார்த்தேனே! வெட்கத்தில் காது சுட்டது.

"அண்ணி... அவங்க இலைன்னு எழுதல. நான்தான் மாத்தி வாசிச்சேன்."

"எத்தனை பேர்?"

"நிறைய பேர்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினார். கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொடுங்க அண்ணி. இனிமே இருக்கறதை அப்படியே வாசிக்கிறேன், சத்தியமா."

"வேண்டாம்மா. நீ போய் உன் வேலையைப் பாரு."

நான் நகரவில்லை. இரண்டாவது தாளுக்குள்ளேயே அவர் கண் சிவந்து வழிய ஆரம்பித்தது. ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டார். தாளை மட்டும் தரவில்லை.