ஒத்தடத்தின் மூன்று பதக்கங்கள்

ஊருக்கெல்லாம் விசிட்டிங் கார்டு அச்சடித்துக் கொடுத்தே பழகியதால், எந்தக் கார்டைப் பார்த்தாலும் என் வீட்டுக்காரருக்குக் கை அரிக்கும். முன்னறைதான் எங்கள் அச்சகம். பேப்பர் வெட்டுவது என் பொறுப்பு. வேலை ஓய்ந்தால் கம்ப்யூட்டரில் விளையாடுவேன். அதில் காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் நான். என் பெயர் அங்கே 'ஒத்தடம்'. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கோட்டையைப் பிடிக்கப் போகும் ஒரு குழுவுக்கு வைத்தியர் தேவைப்பட்டது. அதன் தலைவி நிஜத்தில் பல் டாக்டர், விளையாட்டிலும் அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தக் குழுவில் சேர எனக்குக் கொள்ளை ஆசை. அதற்கு நம் வீரர் அட்டையை அனுப்ப வேண்டும். பெயர், படம், கீழே மூன்று பதக்கங்கள். எத்தனை வாங்கியிருந்தாலும் மூன்றுக்குத்தான் இடம், எதைக் காட்டுவது என்பது நம் இஷ்டம்.

நான் நடுவில் வைத்திருந்தது குழிப் பதக்கம். சுரங்கத்துக் குழிகளில் கணக்குவழக்கில்லாமல் விழுந்தவர்களுக்குக் கொடுப்பது. அதில் ஓர் ஆள் தலைகீழாக விழுந்துகொண்டிருப்பான்.

"ஏம்மா, கார்டுல போய் யாராவது 'நான் கீழ விழுந்தேன்'னு போடுவாங்களா?" என்றார் இவர்.

"நான் போடுவேன். நீங்க கைய வைக்காதீங்க."

ஒரு கட்டுப் பேப்பரை வெட்டிவிட்டு வருவதற்குள் கையை வைத்துவிட்டார். டிராகன், தங்கக் கிரீடம், வாள் சண்டை என்று மூன்று பதக்கங்கள் நகைக்கடை மாதிரி மின்னின. டிராகனைக் கொன்றபோது நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றிருந்தேன் என்பது வேறு விஷயம். அட்டையை அனுப்பியும் விட்டார்.

பதில் உடனே வந்தது. "வாள் பிடிக்க எங்ககிட்ட நிறைய பேர் இருக்காங்க. மன்னிச்சுக்கங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. இவர் பேப்பர் அடுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் நழுவினார். குழிப் பதக்கத்தை மறுபடி நடுவில் ஏற்றி, "முன்னாடி வந்தது என் வீட்டுக்காரர் கைவேலை, இதுதான் நான்" என்று எழுதி அனுப்பினேன்.

பல் டாக்டர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"இத்தனை தடவை எப்படிங்க விழுந்தீங்க? கண்ணு தெரியலையா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க. உள்ள விழுந்தவங்களுக்கு மேல நின்னு வைத்தியம் பார்க்க முடியாது. அதான் நானும் குதிச்சுடுவேன்."



"ஞாயித்துக்கிழமை வந்துடுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இவரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கோட்டை வாசலைத் தாண்டியதும் தரை பிளந்தது. முதலில் உள்ளே போனது பல் டாக்டர்தான். டிராகன் பதக்கக்காரர்கள் எல்லோரும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"போம்மா, என்ன பார்த்துட்டு நிக்கிற, குதி," என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குள் நான் பாதிக் குழியில் இருந்தேன்.