அம்மணி புதைத்த குழாய்

புருஷன் செத்த மறு கோடையிலேயே கொழுந்தன் தங்கவேல் தன் போர்வெல் தண்ணீரை அம்மணிக்கு நிறுத்தினான். அவள் அரை ஏக்கரில் போட்டிருந்த தீவனப்புல் காய்ந்தது. சினைமாடு பட்டினியில் செத்தது. அதன் கழுத்து மணியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள்.

"அவன் மாடும் பசியில என் வேலியாண்ட வந்து நிக்கணும்" என்று ஊரறியச் சொன்னாள். ஆரம்பாக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் மறக்கவில்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தபடியே சொட்டுநீருக்கான அரசு மானியத்துக்கு அலைந்தாள். அந்த அரை ஏக்கரில் ஒரு சாண் ஆழத்தில் சொட்டுநீர்க் குழாய்களைப் புதைத்து, மழைநீர்க் குட்டையிலிருந்து மோட்டார் போட்டாள்.

"இன்னா அண்ணி, பொணம் மாதிரி பொதைக்கிற? மேல ஒரு சொட்டு ஈரம் காணோமே!" என்று தங்கவேல் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பையும் அவள் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் வெயிலுக்குச் சிக்காமல் நேரே வேருக்குப் போனது. குட்டையில் கிடந்த கொஞ்சத்திலேயே தீவனப்புல் ஆள் உயரம் வளர்ந்தது. தங்கவேலோ வயல் முழுக்கப் பாய்ச்சிப் பாய்ச்சி, இரண்டே வருஷத்தில் போர்வெல்லில் உப்புத்தண்ணீரை இழுத்துவிட்டான். அவன் புல் கருகியது. அம்மணிக்கு வயிறு குளிர்ந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஊருக்கெல்லாம் புல் விற்றாள். அவனுக்கு மட்டும் ஒரு கட்டு கிடையாது.

சித்திரையில் ஒரு காலை, அம்மணியின் வயலோரம் சேறு பொங்கிக் கிடந்தது. தங்கவேல் திருட்டுத்தனமாக மாட்டை அங்கே மேயக் கட்டியிருந்தான். அவன் அடித்த இரும்பு முளை குழாயைத் துளைத்திருந்தது. அவிழ்க்க வந்தவன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். மாட்டின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"வாயில்லா ஜீவன் அண்ணி. மன்னிச்சுடு."

"என் மாடு மட்டும் இன்னா, வாயோட பொறந்துதா?"

மோட்டாரை நிறுத்தி, அவனையே கையால் தோண்ட வைத்தாள். ஓட்டை விழுந்த துண்டை அறுத்து, இணைப்பு மாட்ட வைத்தாள். சேற்றுக் கையோடு எழுந்தவன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

"கயித்த வுடு. மாடு வேணும்னா பஞ்சாயத்துல போய்க் கேளு. என் கொல்லைல இன்னாத்துக்கு முளை அடிச்சேன்னும் சேர்த்துச் சொல்லு."

அவன் கயிற்றை விட்டான்.

அம்மணி வீட்டுக்குள் போய், பானையில் கைவிட்டு மணியை எடுத்து வந்தாள். அவன் பார்க்கப் பார்க்க மாட்டின் கழுத்தில் கட்டினாள். மாடு தலையை நிமிர்த்தவில்லை. மணி குலுங்கக் குலுங்க மேய்ந்துகொண்டே இருந்தது.