குட்டியின் முறை

குட்டிக்கு ஐம்பத்தொரு வயது. தலை பாதி நரைத்துவிட்டது, மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஒரு கண் மருத்துவமனையின் முன்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் அவள் எண்ணைச் சொன்னால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியும். ஆனாலும் கூடப் பிறந்த மூவருக்கும் அவள் குட்டிதான், சாகும்வரை குட்டிதான்.

முறை வைத்துக்கொள்ளும் இந்த விவகாரம் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. அப்பா பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் விடுப்பு எடுத்துப் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போவார். நாலு பிள்ளைகளும் நாலு பக்கம் இழுப்பார்கள் என்று ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையின் முறை. எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எல்லாம் அந்தப் பிள்ளை சொல்வதுதான். விளக்கு வைக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு ஆளுக்கு ஒரு குறை சொல்லிக்கொள்ளலாம், ஒன்றுதான்.

அருமையான சட்டம். ஒரே ஒரு கோளாறு, நாள் மூன்று, பிள்ளை நாலு. முதல் நாள் பெரியக்கா, அடுத்த நாள் சின்னக்கா, கடைசி நாள் அண்ணன். குட்டியின் முறை வருவதற்குள் மூட்டை கட்டி ஊர் திரும்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் திரும்பவும் பெரியக்காவிடமிருந்து ஆரம்பிக்கும். அப்பா இதைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பேருந்து கொஞ்சம் பிந்தினாலும் ஓட்டுநரை நிறுத்திக் கேள்வி கேட்கிற மனிதர் அவர். கவனித்திருப்பார், குட்டிதானே என்று விட்டிருப்பார்.

மீன் விஷயமும் அப்படித்தான். வீட்டில் மீன் வாங்கினால் தலை பெரியக்காவுக்கு, நடுத்துண்டுகள் சின்னக்காவுக்கும் அண்ணனுக்கும், வால் குட்டிக்கு. அவளைக் கேட்டு வைத்ததில்லை, அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மனைவி, கணவன், பிள்ளைகள் யாரும் வேண்டாம், நாம் நால்வர் மட்டும் கப்பலில் போய் வரலாம் என்று பேச்சு கிளம்பியது. மற்றவர்கள் அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது குட்டி ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தாள். கப்பல் நாலு தீவுகளில் நிற்கும் என்று போட்டிருந்தது. முதல் ஆளாகச் சீட்டை உறுதிசெய்துவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டாள்.

அப்பாவின் சட்டப்படியே முதல் தீவில் பெரியக்கா எல்லோரையும் கப்பல்காரர்களின் குளிர்சாதனப் பேருந்தில் ஏற்றினாள். ஒரு பூந்தோட்டம், ஒரு ஓட்டல். அந்த ஓட்டலில் கப்பலில் காலையில் தின்ற அதே ரொட்டி, அதே முட்டை. இரண்டாவது தீவில் சின்னக்கா கடை கடையாக ஏறி இறங்கினாள். கடலைப் பார்க்க வந்தவர்கள் பொழுது சாயும்வரை கைப்பைகளைப் பார்த்தார்கள். மூன்றாவது தீவு அண்ணனுடையது. அன்று காலை அலை அதிகமாக இருப்பதால் கரையில் அணைய முடியாது, கப்பல் நிற்காமல் போகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாவம் என்று மூவரும் அவனைத் தேற்றினார்கள். அவனும் ஒருவழியாகத் தேறி, மதியம் மேல்தளத்தில் இறைச்சி சுட்டுத் தருகிற உணவகத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றான், சாப்பிட்டார்கள். பிறகு மாயாஜாலக்காரனின் காட்சிக்குப் போக வேண்டும் என்றான். அதற்கும் போய், ஒரு கைக்குட்டை புறாவாகிறதைப் பார்த்துக் கை தட்டினார்கள். சாயங்காலம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தபோதுதான் அவன் மெதுவாக எடுத்துவிட்டான்.

"நாளைக்கு என் முறை. என் தீவு கடலோட போச்சு, அதனால எல்லாம் ஒண்ணு தள்ளி வருது. மலை உச்சிக்கு கப்பல்காரங்க பஸ் விடறாங்க. மேலேயே சாப்பாடு. நாலு பேருக்கும் சீட்டு சொல்லிடறேன்."

"அதான் நியாயம்," என்றாள் பெரியக்கா, முழங்காலைத் தடவிக்கொண்டே.

"குட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா," என்றாள் சின்னக்கா.

அந்த ஒரு வரி குட்டிக்குச் சுருக்கென்றது. முறை பறிபோனதைவிட, பறிகொடுத்தவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பதில் இவர்களுக்கு இருந்த நிம்மதிதான் அவளைக் குத்தியது. இதை இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு நாலாவது நாள் கிடையாது. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணே," என்றாள். "இன்னைக்கு மேல்தளத்துல சாப்பிடணும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"மாயாஜாலம் பாக்கணும்னு சொன்னது?"

"நான்தான். ஏன், நல்லா இல்லையா?"

"விளக்கு வைக்கல, அதனால சொல்லமாட்டேன். ஆனா நீ சொன்ன இடத்துல சாப்பிட்டோம், நீ சொன்னதைப் பாத்தோம். உன் முறை முடிஞ்சுது. எங்க ஆஸ்பத்திரியில டாக்டர் அறைக்குள்ள போய் கண்ணைக் காட்டிட்டு வெளியே வந்து, டாக்டர் எனக்குப் பிடிக்கல, டோக்கனைத் திருப்பிக் குடுன்னா குடுப்பேனா? அடுத்த ஆளைத்தான் கூப்பிடுவேன்."

அண்ணன் பெரியக்காவைப் பார்த்தான். பெரியக்கா கோப்பைக்குள் எதையோ தேடினாள். சின்னக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அப்பாவின் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப் போய் அண்ணன் அதே ஓட்டைக்குள் விழுந்துகிடந்தான்.

"சரி, எடுத்துக்க," என்றான் கடைசியில். "நீ எங்க கூட்டிட்டுப் போறன்னு பாக்கறேன்."

அந்தப் "பாக்கறேன்" குட்டியை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. சொதப்பினால் போச்சு. செத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

நாலாவது தீவு காலையில் சன்னலுக்கு வெளியே பச்சையாக நின்றது. துறையில் இறங்கியதும் மலைக்குப் போகும் பேருந்து கண்ணாடியெல்லாம் துடைத்துப் பளபளவென்று காத்திருந்தது. அதைத் தாண்டி நடக்கும்போது அண்ணன் பலமாகச் செருமினான். குறை சொல்லாமல் குறை சொல்வதில் அவன் கெட்டிக்காரன்.

குட்டிக்கு ஒரு திட்டம் இருந்தது. துறைமுகத் தெருவின் கோடியில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, நீலக் கதவு, வாசலில் பெஞ்சு. கப்பலில் துணி மடிக்க வரும் பெண் அந்தத் தீவுக்காரி. அவளிடம் குட்டி பலமுறை கேட்டு வழியை மனப்பாடம் செய்திருந்தாள். வழி கொஞ்சமும் பிசகவில்லை. நீலக் கதவும் இருந்தது, பெஞ்சும் இருந்தது. கதவில் ஒரு பெரிய பூட்டும் தொங்கியது.

பெரியக்கா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலோடு பேசினாள். சின்னக்கா வானத்தில் மேகம் எண்ணினாள். அண்ணன் மட்டும் திரும்பிப் பேருந்து இருக்கும் திசையைப் பார்த்து, "இன்னும் கிளம்பல போல," என்றான். அதைக் குறை என்று சொல்ல முடியாது, தகவல்தான்.

குட்டிக்குக் கண் கலங்கியது. போய் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஏறினால் யாரும் திட்டப் போவதில்லை, குட்டிதானே என்று தட்டிக்கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அந்தத் தட்டலை நினைத்ததும் அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. நல்ல கோபம், காலை நகர்த்துகிற கோபம்.

"எந்திரி பெரியக்கா," என்றாள். "கடைதான் பூட்டியிருக்கு. கடல் பூட்டல."

தெரு கடற்சுவரில் போய் முட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் படகுகள் அப்போதுதான் கரை ஏறிக்கொண்டிருந்தன. வலை காயப்போட்ட கொட்டகைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. புகையோடு ஒரு வாசனையும் வந்தது. அது நால்வர் மூக்கிலும் ஒரே நேரத்தில் ஏறியதை, நால்வரும் ஒரே நேரத்தில் நின்றதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கொட்டகையின் பின்புறம் ஒரு பருத்த பெண் கல்லடுப்பில் இரும்புக் கம்பி வலையை வைத்து மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். கடையில்லை, பெயர்ப்பலகையில்லை. படகிலிருந்து வந்தவர்கள் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். குட்டி அவள் எதிரே போய் நின்று, தன் வயிற்றைத் தொட்டு, நாலு விரலைக் காட்டி, அடுப்பைக் காட்டினாள். மொழி தெரியாதவர்களை ஆஸ்பத்திரியில் தினமும் சமாளிக்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. அந்தப் பெண் சிரித்தாள். கூடையிலிருந்து இரண்டு மீன்களை வாலைப் பிடித்துத் தூக்கினாள், ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். எது என்று புருவத்தால் கேட்டாள்.

"சிவப்பு," என்றாள் சின்னக்கா.

"சாம்பல்தான் முள்ளு கம்மி," என்றான் அண்ணன்.

"சின்னதா இருந்தா போதும்," என்றாள் பெரியக்கா.

அந்தப் பெண் மூவரையும் பார்க்கவே இல்லை. குட்டியைப் பார்த்துக்கொண்டு, மீன்களை இறக்காமல், காத்திருந்தாள். குட்டியின் வாழ்க்கையில் ஒருவர் இப்படி அவள் விருப்பத்துக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அவள் அவசரப்படவில்லை. குனிந்து இரண்டின் செவுளையும் விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு கூடைக்குள் கிடந்த மூன்றாவது ஒன்றை, முழங்கை நீளத்துக்குப் பெரிய மீனை, சுட்டிக்காட்டினாள்.

உப்பும் எலுமிச்சையும் மட்டும்தான். தோல் வெடித்து, கொழுப்பு நெருப்பில் சொட்டிச் சீறியது. வெந்ததும் அந்தப் பெண் அதைப் பலகையில் போட்டு ஒரே பெரிய கத்தியால் நாலாக வெட்டினாள். ஒரு பானைச் சோறும் நாலு தட்டும் வைத்துவிட்டு, கரண்டியைக் குட்டியின் கையில் கொடுத்துவிட்டாள். மீனைத் தேர்ந்தவள்தானே பரிமாற வேண்டும்.

தலையைப் பெரியக்காவுக்கு வைத்தாள். அவளுக்குத் தலை உயிர், அதை எதற்குக் கெடுக்க வேண்டும். ஒரு நடுத்துண்டைச் சின்னக்காவுக்கு வைத்தாள். அண்ணன் அடுத்த நடுத்துண்டுக்காகத் தட்டை நீட்டிக்கொண்டு, படகைப் பார்த்தபடி இருந்தான். வரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

குட்டி வாலை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

அண்ணன் தட்டைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். வெயில் சுட்டெரித்தது, விளக்கு வைக்க இன்னும் வெகு நேரம் இருந்தது. குட்டி மிச்சமிருந்த நடுத்துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டாள். வெள்ளையாக, மெத்தென்று, நாக்கில் கரைந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமே இல்லாத சந்தோஷம். பெரியக்கா தலையை உறிஞ்சி முடித்து, முழங்காலை மறந்து, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்று கையை நீட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெண்ணின் தம்பி படகைக் காட்டி ஏறுகிறீர்களா என்று சைகை செய்தான். குட்டி யாரையும் கேட்காமல் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். படகு பாறையைச் சுற்றிப் போனது. அடியில் மணல் தெரியும் தண்ணீரில் ஒரு ஆமை அவர்களோடு கூடவே நீந்தியது. திரும்பும் வழியில் அவர்கள் வந்த கப்பல் முழுசாக, வெள்ளையாக, எதிரே நின்றது. இத்தனை நாள் அதற்குள் இருந்தும் அதை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. மலையிலிருந்து மற்றப் பயணிகளின் பேருந்து இறங்கிவந்து துறையில் நின்றது. சன்னல்களில் தூங்கி வழியும் முகங்கள். சின்னக்கா அவர்களுக்குக் கை ஆட்டினாள், மகாராணி மாதிரி.

சாயங்காலம் கப்பலின் மேல்தளத்தில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் கடலுக்குள் இறங்கியது. கம்பி வரிசையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. குட்டி நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"விளக்கு வச்சாச்சு. ஆளுக்கு ஒண்ணு. சொல்லுங்க."

பெரியக்கா யோசித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சின்னக்காவும் தலையை ஆட்டினாள்.

"எனக்கு இருக்கு," என்றான் அண்ணன்.

"சொல்லு."

"எனக்கு வாலை வச்ச."

"வச்சேன்."

அவன் தாடையைத் தடவிக்கொண்டான். பிறகு சொன்னான், "நல்லாத்தான் இருந்துச்சு. மொறுமொறுன்னு. இத்தனை வருஷம் நீ அதைத்தான் தின்னியா?"

"நல்லாத்தான் இருக்கும்ணே," என்றாள் குட்டி. "எது வேணும்னு யாராவது கேட்டிருந்தா, நான் அதையேகூட எடுத்திருப்பேன்."

கீழ்த்தளத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. வழக்கமாக முதலில் எழுந்து முன்னால் நடக்கும் அண்ணன் எழுந்தான், நடக்காமல் நின்றான்.

"குட்டி, எங்க உக்காரலாம்?" என்று கேட்டான். "நீ சொல்லு."

குட்டி எழுந்து புடவையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூன்று பேரும் அவள் பின்னால் வரிசையாகப் போனார்கள்.