ஏற்றத்தில் நிற்காத லாரி

போடியிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிய லாரியை மலையேற்றிக்கொண்டிருந்தான் யாக்கோபு. போடிமெட்டை நெருங்கும் வளைவில் பனிமூட்டம் ஒரு கணம் விலகியது. கவிழ்ந்து கிடந்த ஜீப்பும் பக்கத்தில் நின்ற எஸ்டேட் ஆம்புலன்சும் தெரிந்தன. அடிபட்டவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர் அமிர்தநாதன், நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். மறுபடி பனி மூடிக்கொண்டது.

ஏற்றத்தில் பாரவண்டியை நிறுத்தினால் கிளப்புவது பெரும்பாடு. யாக்கோபு ஹாரனை அழுத்தியபடி ஓரமாக நுழைந்தான். வளைவில் திரும்பும்போது லாரியின் பின்பக்கம் அமிர்தநாதனைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. அவருடைய வலது கால் போயிற்று.

"பனியில ஆள் தெரியல" என்றான் போலீசிடம். வழக்கு அதோடு நின்றது. அமிர்தநாதனும் அதை நம்பினார். அதைத்தான் யாக்கோபுவால் தாங்க முடியவில்லை. சூரியநெல்லிக்கு லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் அங்கே இருந்த அவர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போனான்.

"தெரியாம நடந்ததுக்கு எதுக்குடே இவ்வளவு வருத்தப்படுத?" என்று தேற்றுவார் அவர். அவர் மனைவி சிசிலி கொடுக்கும் பால் கலக்காத கட்டங்காப்பியை யாக்கோபு பாதியிலேயே வைத்துவிடுவான்.

அமிர்தநாதன் சும்மா இருக்கவில்லை. விபத்து நடந்த இடத்தில் உதவி செய்கிறவர்களைக் கண்டால் வண்டிகள் நின்றே ஆக வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று மனுப் போட்டார். மறு ஆண்டு சட்டசபைக் குழு ஒன்று விசாரிக்க வந்தது. டிரைவர் சங்கச் செயலாளர் ஏசுரத்தினம், சங்கத்தின் சார்பில் சாட்சி சொல்ல யாக்கோபுவைக் கூட்டிப் போனார்.

"கண்ணே தெரியாதப்போ சட்டம் என்னடே செய்யும்? அத மட்டும் சொல்லு. கண்ட இடத்துல நிறுத்தச் சொன்னா நம்ம பொழப்பு என்னாவது?"

குழுவின் முன் யாக்கோபு எழுந்தான். முன்வரிசையில் கக்கத்துக் கட்டையை ஊன்றி உட்கார்ந்திருந்த அமிர்தநாதன், பயப்படாதே என்பதுபோல் தலையசைத்தார்.

"பனி இருந்துச்சுய்யா. ஆனா விலகினப்போ பாத்தேன். கையக் காட்டுனாரு. ஆரன் அடிச்சா ஒதுங்கிக்கிடுவாருன்னு வந்துட்டேன்."

ஏசுரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டம் ஏன் தேவை என்பதற்கு இந்தச் சாட்சியம் ஒன்றே போதும் என்றார் குழுத் தலைவர்.

வெளியே யாக்கோபு கும்பிட்டபோது அமிர்தநாதன் ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டையை ஊன்றி ஊன்றிப் போய்விட்டார். சிசிலிதான் நின்றாள்.

"ஒரு வருசமா எங்க வீட்டுக்கு வந்துபோனியே. ஒரு நாளாவது வாயத் தொறந்தியா?"



லைசென்ஸ் போயிற்று. யாக்கோபு தேயிலைத் தொழிற்சாலையில் விறகு சுமந்தான். சட்டம் நிறைவேறிய செய்தி பேப்பரில் வந்த அன்று, கூட வேலை செய்தவர் அதைக் கொண்டுவந்து காட்டினார்.

"உன்னாலதாம்டே வந்திருக்கு."

"அவரு கால் போனதால வந்திருக்கு" என்றான் யாக்கோபு. பேப்பரை வாங்காமலே அடுத்த விறகுக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்தான்.