விருந்தினர் அமுக்க வேண்டிய சுவிட்ச்

அமலதாஸின் வலது பாதத்தைக் கறுப்புத் துணியால் மூடிப் பிடித்தபடி, திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் மேடையில் கிளாரா குந்தியிருந்தாள். துணிக்குள் புண், புண்ணின் மேல் பச்சையாக ஒரு களிம்பு. எந்த ஊசிக்கும் அடங்காத கிருமி என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கைவிரித்திருந்தார்கள். திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக முடிவு. அதற்குள் இதையும் பார்த்துவிடலாமென்று புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

களிம்பைச் செய்தவள் ஆராய்ச்சி மாணவி வெனிலா. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதில் உண்டு, நீல விளக்கைக் காட்டினால் அவை விழித்துக்கொண்டு கிருமியைக் கொல்லும் என்று கிளாராவுக்கு விளங்கும்படி சொல்லியிருந்தாள். தடவி இருபது நிமிஷத்துக்குள் வெளிச்சம் விழ வேண்டும். பிந்தினால் அது வெறும் பசை. கைவசம் இருந்ததோ ஒரே வேளைக்கு. அடுத்தது தயாராக ஒரு மாசமாகும்.

கல்லூரி முதல்வர் மாசிலாமணிக்கு வேறு நிபந்தனை: சுவிட்சைச் சிறப்பு விருந்தினர்தான் அமுக்க வேண்டும். "விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிட்டேன்" என்று விருந்தினர் போனில் சொன்னதுமே முதல்வர் களிம்பைத் தடவச் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்பவர் இன்னும் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முனைவர் பட்டம் வாங்கிய முதல்வருக்கு மறந்துபோயிற்று. உலகமே திண்டிவனத்தைத் திரும்பிப் பார்ப்பதாக வரவேற்புரை நீண்டது.

"சார், பதினெட்டு நிமிஷம் ஆயிடுச்சு. நானே போட்டுடறேனே," என்றாள் வெனிலா.

"பொறும்மா. அவரு வந்துக்கினே இருக்காரு. ரெண்டு நிமிஷத்துல இன்னா கொறஞ்சிடப் போவுது?"

சுவிட்ச் கிளாராவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தார்கள். பெரிய மனுஷங்க கட்டின ரிப்பன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தார். பொன்னாடை, பூங்கொத்து, பிறகு சுவிட்ச். கிளாரா துணியை விலக்க, புண்ணில் நீல வெளிச்சம் விழுந்தது, அரங்கம் கைதட்டியது. போட்டோவில் கண்ணை மூடிவிட்டாராம்; அணைத்து இன்னொருமுறை போட்டார்கள். வெனிலா மட்டும் தட்டவில்லை. அதைக் கிளாரா பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை விழுப்புரம் வார்டில், நர்ஸ் பேனாவைத் திறந்து அமலதாஸின் கெண்டைக்காலைச் சுற்றி வெட்டுக்கோடு போட ஆரம்பித்தாள்.

"ஐயோ, கூசுதும்மா," என்று அவன் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் காலை எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் எறக்கிப் போடும்மா."

நர்ஸின் கை நின்றது. கிளாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வட்டத்தின் இரு முனையும் சேர இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது.